மதுமதி அப்பா

கூடத்துச் சுவரில் பதித்திருந்த சின்னப் பெட்டி, தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு, நிதானமான பெண் குரலில் சொன்னது:

“ரத்தினவேல் அவர்கள் வருகை தந்துள்ளார்.”

ராஜாத்தி சமையலறையில் கடுகு வெடிக்கக் காத்திருந்தாள். வெடித்தது. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, அடுப்பைத் தணித்து, காபிக்காகப் பாலை எடுத்தாள். பால் பாத்திரத்தைக் கையில் பிடித்திருந்தபோதுதான், தன் கணவர் செத்து மூன்று மாதமாகிறது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

பயம் வரவில்லை. அவர் போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை. அழுகைகூட வரவில்லையாம் என்று சொந்தக்காரர்கள் மன்னார்குடிவரை போனில் பேசித் தீர்த்தார்கள். ரொம்ப நேரம் மடக்கி வைத்து மரத்துப்போன காலை ஊன்றினால் தரை எங்கேயோ இருப்பதுபோல் இருக்குமே, அவளுக்கு இப்போது எல்லாமே அப்படித்தான் இருந்தது. பாலைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தாள்.

கோல் மார்க்கெட் பழைய குவார்ட்டர்ஸில் இருந்தவரை இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஆள் வந்தால் கதவைத் தட்டுவார்கள், திறந்தால் யாரென்று தெரிந்துவிடும். அங்கிருந்து லோதி ரோடு பக்கம் இந்த அடுக்குமாடிக்கு மாறி வந்தபோது, கட்டடத்தைப் பராமரிக்கிற கம்பெனி கீழே கேட்டில் ஒரு கேமராவும் மேலே வீட்டுக்கு வீடு ஒரு பெட்டியும் மாட்டியிருந்தது. கேமரா முகத்தைப் பார்த்துக் கேட்டைத் திறக்கும். வந்தது யாரென்று மேலே பெட்டி அறிவிக்கும். மகள் மதுமதி அதைத் தமிழுக்கு மாற்றி வைத்தாள். டில்லியில் பிறந்த பெண், தமிழ்ப் பத்திரிகையைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. அம்மாவுக்காகத் தேடிப்பிடித்து மாற்றினாள்.

பெட்டி மேடைத் தமிழ் பேசியது. ரத்தினவேலுக்கு அதில் ஒரே குஷி. ஆபீஸ் விட்டு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, “வருகை தந்துள்ளேன், காபி தந்துள்ளாயா?” என்பார். தினமும் அதே ஜோக். தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

மறுநாளும் பெட்டி சொன்னது. அதற்கு மறுநாளும். டில்லிக் குளிரில் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் மங்கினால் நேரே இருட்டுதான். அந்த இருட்டோடு பனியும், காவல்காரர்கள் எரிக்கிற சருகின் புகையும் சேர்ந்து பால்கனிக் கதவின் இடுக்குகளில் நுழைகிற வேளையில் பெட்டி செருமும், அவர் பெயரைச் சொல்லும். பிறகு ராஜாத்தி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். கீழேயிருந்து லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறுவதும், இந்த மாடியில் நின்று கதவு விலகுவதும், குதிகால் தேய்ந்த ஒரு ஷூ நடைபாதையில் நடந்து வந்து வாசல் மிதியடியில் நிற்பதும் ஒவ்வொன்றாகக் கேட்கும். அவ்வளவுதான். மணி அடிக்காது. கதவைத் திறந்து பார்த்தால் ட்யூப் லைட் வெளிச்சமும் ஈரக் கம்பளியின் வாசனையும் மட்டும் இருக்கும்.

அந்த வாசனை அவர் மஃப்ளருடையது. திபெத் மார்க்கெட்டில் ஒரே சாம்பல் நிறத்தில் இரண்டு வாங்கி வந்தார், தனக்கொன்று, மகளுக்கொன்று. இரண்டும் மாறிப்போய் வீட்டில் ஓயாத சண்டை. கடைசியில் மகளுடையதன் ஓரத்தில் ராஜாத்தி சிவப்பு நூலால் ‘ம’ என்று தைத்தாள். மதுமதிக்கு அடையாளம் தெரிகிற ஒரே தமிழ் எழுத்து அதுதான். அவருடையது இப்போது அலமாரியில் அந்துருண்டைகளோடு கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

மதுமதியால்தான் தாங்க முடியவில்லை. குர்காவ் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்த ஒரு நாள், பெட்டி அப்பாவின் பெயரைச் சொல்வதைக் கேட்டுவிட்டு, தோள் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“நிகம்போத் காட் சுடுகாட்ல எரிச்ச முகம்மா அது. இவங்க எப்படி இன்னும் வச்சிருக்காங்க? யாரைக் கேட்டு வச்சிருக்காங்க?”

“மெஷின்தானேடி. பிசகிக்கிட்டு சொல்லுது.”

“அதான், டெலீட் பண்ணச் சொல்லலாம். இப்ப சட்டம் இருக்கும்மா. நம்ம டேட்டா நம்மளோடது, வேண்டாம்னா அவங்க அழிச்சே ஆகணும். அப்பா சார்பா நீதான் கேக்கணும். உன்னைத்தான் நாமினியா போட்டிருக்கார்.”

“எனக்கு இந்தில அதெல்லாம் பேச வராது.”

“தமிழ்லயே பேசலாம். ஒரு ஃபோன், பஸ், அவ்வளவுதான்.” மதுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க முயன்றாள். “டென்ஷன் மத் லோ, கவலைப்படாதம்மா.”

இந்தப் பெண் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று இருந்தது ராஜாத்திக்கு. அவளுக்கென்று மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான்.

மறுநாள் மதியம் பால்கனி வெயிலில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டே ஃபோன் செய்தாள். எடுத்தது பெட்டியின் அதே குரல். ராஜாத்தி சட்டென்று கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெட்டி சும்மா இருந்தது.

“ஒப்புதலைத் திரும்பப் பெறுவது தங்கள் உரிமை,” என்றது குரல். “யாருடைய தகவல்கள் அழிக்கப்பட வேண்டுமோ, அவருடைய பெயரைக் கூறவும்.”

இங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

ராஜாத்தி தன் கணவரின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது. அதை அவள் நம்பினாளோ இல்லையோ, அவள் நாக்கு நம்பியது. எழுதச் சொன்னால் எழுதுவாள். மலை மந்திர் முருகன் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் மகளை முன்னால் தள்ளுவாள். ஒரு முறை ரேஷன் ஆபீஸில் தமிழ் தெரிந்த கிளார்க் ஒருவரிடம், “வைரம் வைடூரியத்துக்குப் பொதுவா என்ன சொல்வாங்க, அதோட முருகன் கையில இருக்கிறதைச் சேத்துக்குங்க” என்று விடுகதை போட்டாள். அவர் ரொம்ப யோசித்து, “நகைவேலா?” என்று கேட்டதை வீட்டில் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில், பேஷண்ட் பெயரென்ன என்று நர்ஸ் கேட்டபோதும் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையைத்தான் கை காட்டினாள். குறைவதற்கு அப்போது ஆயுசும் அதிகம் மிச்சமில்லை. மகள் பிறந்த நாள் முதல் அவரை அவள் கூப்பிட்டது ஒரே விதமாகத்தான்.

“மதுமதி அப்பா,” என்றாள்.

“மன்னிக்கவும். பெயரை மட்டும் கூறவும்.”

“மதுமதி… மதுமதி அப்பாங்க. எங்க வீட்டுக்காரர்.”

கீழே எங்கேயோ, ரஜாய்ப் போர்வைக்குப் பஞ்சு அடிக்கிறவனின் வில் டொய்ங் டொய்ங் என்று அதிர்ந்துகொண்டிருந்தது.

“நன்றி. இப்பெயர் தங்கள் வீட்டில் பதிவாகியுள்ளது. தனியுரிமை கருதி இது திரும்பக் கூறப்பட மாட்டாது. அழித்தபின் மீட்க இயலாது. உறுதியெனில் ஆம் என்று கூறவும்.”

“ஆமாங்க,” என்றாள் ராஜாத்தி, மரியாதையாக.

ஆரஞ்சைச் சாப்பிட்டு முடித்தாள். ருசி தெரியவில்லை.

அன்று இருட்டியதும் பெட்டி செருமியது. “ரத்தினவேல் அவர்கள் வருகை தந்துள்ளார்.” லிஃப்ட் ஏறியது. ஷூ நடந்தது. மிதியடியில் நின்றது. இந்த முறை மணியும் அடித்தது.

தாழ்ப்பாளை விலக்கினாள். வாசலில் மதுமதி, மஃப்ளருக்குள் மூக்கு சிவந்து நின்றாள்.

“கேட் என்னை உள்ள விடலம்மா. கேட்ல நிக்கற கார்டு பையாதான் திறந்து விட்டார்.” அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஃபோன் பண்ணியா? என்ன பேர் சொன்ன?”

“உங்கப்பா பேருதான்.”

“நீயா? வாயாலயா?”

ராஜாத்தி மகளின் தோள் பையை வாங்கிக்கொண்டாள். மதுமதிக்கு விளங்கிவிட்டது. “ஹே பகவான்! மதுமதி அப்பான்னு சொன்னியா? அம்மா, நீ என்னை டெலீட் பண்ணிட்ட!” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராஜாத்திக்கும் சிரிப்பு வந்தது, அவர் போனபிறகு முதல் முறையாக. நாளைக்குச் சரிபண்ணிவிடலாம் என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். கதவைப் பூட்டியதும், வீட்டில் எத்தனை பேர் என்று பெட்டி வழக்கம்போல் கணக்குச் சொன்னது.

“வீட்டில் இருப்போர் இருவர்.”

“பாத்தியா, என்னை எண்ணத்தான் செய்யுது,” என்றாள் மதுமதி.

கூடத்துப் பிரம்பு நாற்காலிப் பக்கமிருந்து ஈரக் கம்பளி வாசனை வந்தது. மகளின் மஃப்ளர்தான் என்று ராஜாத்தி நினைத்துக்கொண்டாள்.

சரியாகவில்லை. மதுமதி ஃபோன் செய்தால், பதிவில் இல்லாதவரோடு பேச இயலாது என்றது குரல். ராஜாத்தி செய்தால், அப்படியொருவர் தங்கள் வீட்டில் இல்லை என்றது. கடைசியில் இருவரும் கீழ்த்தளத்தில் இருந்த கம்பெனி அறைக்கே போனார்கள். மேனேஜர் மகாதேவன் தமிழர்தான். ராஜாத்தியை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு.

“இருங்க மேடம், பாக்கறேன்,” என்று திரையைத் தட்டினார். “உங்க ஃப்ளாட்ல ரெண்டு பேர். நீங்க, சார். சாரோட டேட்டாவையா அழிக்கச் சொல்றீங்க?”

“அவர் இறந்துட்டார்ங்க.”

“சார் நேத்துகூட வந்திருக்காரே.” அவர் முகத்தில் கேலி இல்லை. “உயிரோட இருக்கறவர் டேட்டாவை நாமினி அழிக்க முடியாது மேடம். சட்டம் ஒத்துக்காது. சாரே வந்து சொல்லணும்.”

“அப்ப நான் யாரு?” என்றாள் மதுமதி. “நான் இங்கதானே நிக்கறேன்!”

மகாதேவன் அப்போதுதான் அவளைப் பார்த்தார். “விசிட்டரா? கேட்ல என்ட்ரி போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, திரையை ராஜாத்தியின் பக்கம் திருப்பினார். “நேத்து எடுத்த படம். ஒவ்வொரு தடவை உள்ள வரும்போதும் கேமரா புதுசா எடுத்துக்கும். பாருங்க, சார் நல்லாத்தானே இருக்கார்?”

நெற்றி நிறைய விபூதி. மூடிய கண்கள். மூக்கில் பஞ்சு. தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சிட்ட வெள்ளைத் துணி.

அந்த முடிச்சைப் போட்டது ராஜாத்திதான். டீயைக் குடித்து முடித்து, கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். மதுமதி வெளியே சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. மதுமதியைப் ‘பிட்டியா’, மகளே, என்று கூப்பிடுகிற கார்டு பையா, ஒரு நாள் அவளைக் கேட்டில் நிறுத்தி எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் விளையாடவில்லை. அன்றிலிருந்து பார்க்கிங்கின் பின்பக்கப் படி வழியாக ஏறி வந்தாள். எதிர்வீட்டு சுஷ்மா கேரட் அல்வா கொண்டு வந்தாள். இது என் மகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ராஜாத்தி சொன்னதும் சுஷ்மாவின் முகம் இரக்கத்தில் இளகியது.

“பேட்டி? கௌன்சி பேட்டி, பாபிஜி?”

எந்த மகள்? கேட்டுவிட்டு, ராஜாத்தியின் கையைத் தடவிக் கொடுத்து, துக்கத்தில் மனசு இப்படியெல்லாம் சொல்லும், நன்றாகத் தூங்குங்கள் என்று இந்தியில் ஆறுதல் சொல்லிப் போனாள்.

ராஜாத்தி கிண்ணத்தோடு நின்றாள். உள்ளே மதுமதி குளிக்கிற சத்தம் கேட்டது. குளிக்கிறாள். அவள்தான். அவள் இருக்கிறாள்.

“வீட்டில் இருப்போர் இருவர்,” என்றது பெட்டி, யாரும் கேட்காமலே.

பயம் வந்தது அப்போதுதான். தனக்காக இல்லை. இந்தப் பெண்ணைத் தெரிந்தவள் என்று இனி உலகத்தில் தான் ஒருத்திதான் இருக்கிறோம், அந்தத் தானும் மரத்துப்போய்க் கிடக்கிறோமே என்ற பயம். தான் விட்டுவிட்டால் அவள் இல்லவே இல்லை. காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மகளின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மதுமதி. மதுமதி. மதுமதி. முணுமுணுக்க முணுமுணுக்க அது வெறும் சத்தமாகத் தேய்ந்தது.

ஒரு நாள் காலையில், தோசை ஆறுகிறதே என்று மகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. பெயர் உள்ளே இருந்தது. வெளியே வரக் கூசியது. அந்தக் கூச்சம் அவளுக்குப் புதிதில்லை. இத்தனை வருஷமாக அவர் பெயருக்குப் போட்டிருந்த பூட்டு, இடம் மாறியிருந்தது.

“ஏ… இந்தா,” என்றாள். “தோசை.”

மகள் வந்து அவளையே பார்த்தாள். “என் பேரைச் சொல்லும்மா.”

ராஜாத்தி தோசையைத் தட்டில் போட்டாள்.

“அம்மா. ஒரே ஒரு தடவை. ப்ளீஸ்.”

“சாப்பிடு. ஆறிடும்.”

மகள் சாப்பிடவில்லை. வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன், நான் வரும்வரை என்னை நினைத்துக்கொண்டே இரு என்று சொல்லி, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு போனாள். படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு லிஃப்ட் நிற்பதில்லை.

அன்று பனி பகலிலேயே இறங்கிவிட்டது. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. மரங்கள் தெரியவில்லை. மேஜையில் ஒரு தோசை தொடாமல் கிடந்தது. யாருக்குச் சுட்டோம் என்று யோசித்தபடி அதை எடுத்துக் குப்பையில் போட்டாள். அலமாரி திறந்து கிடந்தது. அந்துருண்டைகள் இருந்தன. மஃப்ளர் இல்லை.

பெட்டி செருமியது.

“ரத்தினவேல் அவர்கள் வருகை தந்துள்ளார்.”

லிஃப்ட். ஷூ. மிதியடி.

ஷூ நிற்கவில்லை. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நடந்தது. கூடத்தைக் கடந்தது. பிரம்பு நாற்காலி முனகி அமுங்கியது. ஈரக் கம்பளி வாசனை.

ராஜாத்தி பாலை அடுப்பில் வைத்தாள். காபி கலந்தாள். ஆற்றினாள். கை தானாகச் செய்தது. டம்ளரை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தபோது தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. முழங்கால் தெரிந்தது. சாம்பல் கம்பளியின் நுனி தெரிந்தது. அதற்குமேல் பார்க்கவில்லை. போய்க் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.

“வீட்டில் இருப்போர் இருவர்.”

கதவை யாரோ தட்டினார்கள். கையால். கோல் மார்க்கெட்டில் தட்டுவதுபோல.

கதவுக் கண் வழியாகப் பார்த்தாள். ஒரு பெண். சின்ன வயது. பனியில் நனைந்த மஃப்ளர். சிவந்த மூக்கு.

“அம்மா, திற. நான்தான்.”

“யாரும்மா நீ? எந்த வீடு வேணும்?”

அந்தப் பெண் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். திரும்பச் சொன்னாள். கத்திச் சொன்னாள். தமிழ்ப் பெண்தான் போலிருக்கிறது. பாவம்.

நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. தாடையைத் திறக்காமல் பேசுகிற குரல்.

“யாரு?”

“யாரோ தெரியலை, ரத்தினவேல்,” என்றாள் ராஜாத்தி.

பெயர் வழுக்கிக்கொண்டு வந்தது. வேறெப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தட்டும் சத்தம் கீழே இறங்கியது. கதவின் அடியில் நகங்கள் பிறாண்டின. இடுக்கு வழியாக மஃப்ளரின் ஓரம் உள்ளே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அந்தப் பக்கமிருந்து யாரோ விரல்களால் தள்ளத் தள்ள வந்தது. சிவப்பு நூலில் ஓர் எழுத்து. ம.

குனிந்து பார்த்தாள். தையல் அவளுடையதுதான். கோணலான அந்தச் சுழி அவள் கை போட்டதுதான். யாருக்காகத் தைத்தோம் என்று மட்டும் தெரியவில்லை. மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது ஊசி குத்துமே, நெஞ்சுக்குள் அப்படி ஒன்று குத்த ஆரம்பித்தது. நின்றுவிட்டது.

இடுக்கில் குளிர் வந்துகொண்டிருந்தது. பின்னால் அவர் இருமினார்.

ராஜாத்தி கால் கட்டைவிரலால் மஃப்ளரை மிச்சமும் உள்ளே இழுத்தாள். கதவுக்கடியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, காற்று புகாமல், சத்தம் புகாமல், அழுத்தி அழுத்தி அடைத்தாள்.